காயம் தைக்கிற ஊசியோட விரால் பிடிக்கப் போனோம்

அந்த ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதான். ஆத்துக்குப் போகணும், ஒரு விரால் மீன் பிடிக்கணும், வீட்டுக்குக் கொண்டு வரணும்.

ஒரே ஒரு மீன்!

அப்ப மலாய் நாட்டுல ஜப்பான்காரன் காலம். சுங்கை லாலாங் பக்கத்துல ஒரு ரப்பர் எஸ்டேட்ல நான் டிரஸ்ஸர். எஸ்டேட் ஆஸ்பத்திரியில டாக்டருக்கு அடுத்த ஆள். டாக்டர் வெள்ளைக்காரங்களோட ஓடிப்போயிட்டதால முதல் ஆளும் நான்தான். மருந்து அலமாரியில பாட்டிலெல்லாம் அழகா வரிசையா நிக்கும். உள்ள ஒண்ணும் இருக்காது.

அதனால யாரு என்ன நோவுன்னு வந்தாலும் நான் ஒரே வைத்தியம்தான் சொல்லுவேன். "மீன், முட்டைன்னு நல்லா சத்தா சாப்பிடுங்க."

சாப்பிட என்ன இருந்துச்சு? காலையில மரவள்ளிக் கிழங்கு. மத்தியானம் மரவள்ளிக் கிழங்கு. சாயங்காலம் ஒரு மாறுதலா இருக்கட்டும்னு அதையே மசிச்சுத் தருவாங்க.

என் சம்சாரம் சரசு பிள்ளை பெத்து ஒரு வாரம் ஆயிருந்துச்சு. பொம்பளைப் பிள்ளை. பிள்ளை பசியில வீல் வீல்னு கத்துது. சரசுக்குப் பால் இல்ல. கிழங்கைத் தின்னு தின்னு அவளே கிழங்கு மாதிரி வெளுத்துப் போயிருந்தா. நான் நாடி பிடிச்சுப் பார்த்தேன், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். பார்த்துட்டு, "நல்லா மீன் சாப்பிடணும் சரசு"ன்னேன்.

ஆஸ்பத்திரி ஆயா அஞ்சலை அக்கா பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தாங்க. கையில இருந்த துணியைக் கீழ போட்டுட்டாங்க.

"ஏன் டிரஸ்ஸரய்யா, ஊருக்குச் சொல்ற மாதிரியே பொண்டாட்டிக்கும் சொன்னா எப்படி? மீன் என்ன கூரையிலயா காய்க்குது? மலாய்க்காரங்க பிள்ளை பெத்தவளுக்கு விராலைத்தான் குடுக்கிறாங்க. நல்ல விரால் ஒண்ணு கொண்டாங்க, நான் காய்ச்சித் தரேன். ஆம்பளைதானே நீங்க?"

"சரிக்கா, ஞாயித்துக்கிழமை போய்ப் பிடிச்சுட்டு வரேன்"னு சொல்லிட்டேன்.

என்னமோ வாராவாரம் பிடிக்கிற ஆள் மாதிரி! அதுவரைக்கும் நான் உசிரோட இருக்கிற மீனைக் கையால தொட்டதே கிடையாது.

நேரா ஆபீசுக்குப் போய்க் கிராணி பெருமாள்சாமியைப் பார்த்தேன். ஆபீஸ் கணக்கு, கடிதம், டைப் எல்லாம் அவர்தான். என்னைவிட பத்து வயசு மூத்தவர். விஷயத்தைச் சொன்னதும் மனுஷன் மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். அப்படித் துடைச்சார்னா ஏதோ பெரிசா சொல்லப் போறார்னு அர்த்தம்.

"தம்பி, சரியான ஆள்கிட்டதான் வந்திருக்கே. நான் பழைய துரைகூட மீன் பிடிக்கப் போயிருக்கேன்."

"நிஜமாவா அண்ணே?"

"பின்னே! துரை ஊர்ல ட்ரவுட்டுன்னு ஒரு மீன். மலை ஓடையில இருக்குமாம். இறகுல பூச்சி மாதிரி கட்டித் தண்ணியில விட்டா, நிஜப் பூச்சின்னு ஏமாந்து கடிக்குமாம். அவர் தூண்டில் பெட்டி நம்ம ஸ்டோர்லதான் கிடக்கு. ட்ரவுட்டையே பிடிக்கிற தூண்டிலுக்கு விரால் எம்மாத்திரம்?"

எனக்கு உசிர் வந்துச்சு.

எஸ்டேட் முச்சந்தியில கோப்பிக் கடை வச்சிருந்த காதர் நானாவையும் சேர்த்துக்கிட்டோம். கோப்பிக்கொட்டை இல்ல, சீனி இல்ல, கடை மட்டும் இருந்துச்சு. அதனால அவருக்கு நேரம் நிறைய இருந்துச்சு. "மண்புழு நான் கொண்டாறேன். மீன் தலை எனக்கு. இப்பவே சொல்லிட்டேன்லா"ன்னார்.

"உடம்பு?"ன்னேன்.

"உடம்பை நீங்க வச்சுக்கங்க தம்பி. தலைக்கறி தின்னு ரெண்டு வருஷமாச்சு."

பிடிக்காத மீனுக்கு அரை மணி நேரம் பாகப்பிரிவினை நடந்துச்சு.

அப்புறம் கிராணி ஒரு திட்டம் போட்டார். ஆள் பேர் பதியிற பழைய செக்ரோல் தாள் பின்னாடி டைப் அடிச்சு ஆளுக்கு ஒரு பிரதி குடுத்தார். எட்டு மணிக்குப் புறப்படணும். ஒன்பதுலேருந்து பதினொண்ணு வரைக்கும் மீன் பிடிக்கணும். பதினொண்ணுலேருந்து பதினொண்ணரை வரைக்கும் மீனை எண்ணணும்.

"எண்ணுறதுக்கு எதுக்கண்ணே அரை மணி நேரம்?"

"ரெண்டு தடவை எண்ணணும்ல தம்பி. ஒரு தடவை எண்ணினா தப்பு வரும்."

ஸ்டோர்ல போய் துரையோட பெட்டியைத் தூசி தட்டித் திறந்தோம். கம்பு நல்லா இருந்துச்சு. இறகையெல்லாம் பூச்சி தின்னுருச்சு. கொக்கியெல்லாம் துருப்பிடிச்சு, தொட்டா ஒடிஞ்சுது. ஒவ்வொரு கொக்கியிலயும் முனைக்குப் பக்கத்துல உள்பக்கமா ஒரு சின்ன முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு இருந்துச்சு.

"இது என்னண்ணே?"

கிராணி உத்துப் பார்த்தார். "துரு ஏறினதுல இரும்பு பிளந்துருச்சு."

நானும் தலையாட்டினேன். ரெண்டு மேதைங்க!

புதுக் கொக்கிக்கு பீடோங் கடைத்தெருவுல கேட்டா சிரிப்பாங்க. அங்க ஆணியே கிடைக்கல. அப்பத்தான் எனக்கு அந்த மகா புத்தி தோணுச்சு. ஆஸ்பத்திரியில காயம் தைக்கிற ஊசி இருக்கே! பிறை மாதிரி வளைஞ்சு, ஒரு பக்கம் கூரா, மறுபக்கம் நூல் கோக்கக் காதோட. தூண்டிலுக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி! எட்டு ஊசி இருந்துச்சு. மூணை எடுத்துக் கொதிக்கிற தண்ணியில போட்டுச் சுத்தம் பண்ணி, காயம் தைக்கிற பட்டு நூலை முறுக்கிக் கட்டினேன். துரையோட கொக்கி மாதிரி பிளந்துபோனது இல்ல. வழவழன்னு, பளபளன்னு இருந்துச்சு. எனக்கே பெருமையா இருந்துச்சு.

தண்ணியில போடுற ஊசியைக் கொதிக்க வச்சது எதுக்குன்னு கேக்காதீங்க. பழக்கம்.

மிச்சம் ஒண்ணுதான். எஸ்டேட்டை விட்டு வெளிய போகணும்னா ஜப்பான் மானேஜர்கிட்ட பாஸ் வாங்கணும்.

மானேஜர் குட்டையான ஆள். அதிகம் பேச மாட்டார். அவர் அறைதான் பேசும். அந்த அறை வாங்கின காதுங்களுக்கு நான்தான் மருந்து போடுவேன். அதாவது, மருந்து இருந்தப்ப போட்டேன். அவருக்குத் தெரிஞ்ச மலாய் பத்து வார்த்தை. ஆனா கிராணி சாயங்கால வகுப்புக்குப் போய் ஜப்பான் பாஷை படிச்சுக்கிட்டு இருந்தார். "நான் பேசிக்கிறேன்"னு நெஞ்சை நிமித்திக்கிட்டு உள்ள போனார்.

அஞ்சு நிமிஷத்துல வெளிய வந்தார். பாஸ் கையில இருந்துச்சு. முகத்துல ரத்தம் இல்ல.

"என்னண்ணே, அறைஞ்சுட்டாரா?"

"இல்ல தம்பி. சிரிச்சார்."

"சிரிச்சாரா?"

"எழுந்து வந்து என் தோள்ல தட்டினார். அவரும் நம்மகூட வராராம்."

நான் பெஞ்சுல உக்காந்துட்டேன். "அப்படி என்ன சொன்னீங்க?"

"மீனுக்கு சகானா. வாத்தியாருக்கு சென்செய். இல்லைங்கிறதுக்கு நாய். 'எங்களுக்கு மீன் பிடிக்கச் சொல்லிக் குடுக்க வாத்தியார் இல்ல, நாங்க புதுசு, சும்மா போய்ப் பார்க்கிறோம்'னு சொல்லலாம்னுதான் போனேன். சகானா சென்செய் நாய்னு சொல்லணும்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படித் தம்பி? மானேஜர் நேரா முகத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறார். அவர் முகத்தைப் பார்த்து நாய்னு எப்படிச் சொல்றது? வாய் வரல. அந்த ஒரு வார்த்தையை மட்டும் முழுங்கிட்டேன்."

"அப்ப..."

"நெஞ்சுல கை வச்சுக்கிட்டு, சகானா சென்செய்னு சொல்லிட்டேன். நான் மீன் வாத்தியார்னு அர்த்தமாயிருச்சு."

நான் தலையில அடிச்சுக்கிட்டேன்.

கிராணி குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு கேளு. மேலேருந்து உத்தரவு வந்திருக்கு. சயாம் ரயில் பாதைக்கு அடுத்த வாரம் ஆள் அனுப்பணும். வழக்கமான ஆளுங்களோட, டிரஸ்ஸர் ஒருத்தர், கிராணி ஒருத்தர். நம்ம எஸ்டேட்லேருந்தோ பக்கத்துலேருந்தோ. யாருன்னு மானேஜர்தான் முடிவு பண்ணணும். திங்கக்கிழமை லிஸ்ட் அடிக்கணும். மீன் கிடைக்கலேன்னா, நம்ம பேரை நானே டைப் அடிக்க வேண்டியதுதான்."

அதுவரைக்கும் சயாம் போனவங்க யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்ல. கடுதாசிகூட வந்ததில்ல. வீட்டுக்குப் போனேன். சரசு பிள்ளையைத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டு இருந்தா. "பாஸ் கிடைச்சுதாங்க?"ன்னா. "கிடைச்சுது, மானேஜரே கூட வராரு"ன்னேன். "அட, உங்க மேல அவ்வளவு மதிப்பா!"ன்னா.

ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்குப் புறப்பட்டோம். அது டோக்கியோ நேரம். நம்ம ஊருக்கும் அதேதான்னு ஜப்பான்காரன் கடிகாரத்தையெல்லாம் மாத்தி வச்சுட்டான். சூரியனுக்கு யாரும் சொல்லல போல, இருட்டாத்தான் இருந்துச்சு. சைக்கிள் டயர்ல டியூப் கிடையாது, ரப்பர் குழாயை வெட்டி மாட்டியிருந்தோம். ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பு வரைக்கும் வந்து விசாரிச்சுட்டுப் போச்சு.

ஆத்துக்குப் போய்ச் சேர்ந்தப்ப மானேஜர் லாரியில வந்து ஏற்கெனவே நின்னுக்கிட்டு இருந்தார். கால்சட்டையை முழங்கால் வரைக்கும் சுருட்டி விட்டிருந்தார். ஆத்தைப் பார்த்து ஏதோ சொன்னார். மலையைக் காட்டினார், கையால ஓடை மாதிரி வளைச்சுக் காட்டினார், ரெண்டு கையையும் விரிச்சு ஒரு மீன் அளவு காட்டினார். அவரோட ஊரைச் சொல்றார்னு எனக்கே புரிஞ்சுது. மனுஷன் முகம் பிள்ளை முகம் மாதிரி ஆயிருச்சு. அப்புறம் கிராணியைப் பார்த்து லேசாத் தலையைக் குனிஞ்சு, "சென்செய்"ன்னார்.

கிராணி இடுப்பு ஒடியிற மாதிரி குனிஞ்சார். நிமிர ரொம்ப நேரமாச்சு.

துரையோட கம்பை மானேஜருக்குக் குடுத்தோம். எனக்கு ஒரு மூங்கில், கிராணிக்கும் காதர் நானாவுக்கும் சேர்த்து ஒண்ணு. காதர் நானா புழு டின்னைத் திறந்தார். உள்ள நெளிஞ்சதைப் பார்த்ததும் நான் ரெண்டு அடி பின்னால போயிட்டேன். சீழ்க்கட்டி கீறுவேன், உடைஞ்ச எலும்பை இழுத்துக் கட்டுவேன். ஆனா மண்புழுவைத் தொட முடியல!

"என்னாலா டிரஸ்ஸர், மனுஷன் வயித்தை அறுக்கிறவர் புழுவுக்குப் பயப்படுறீங்க?"

"நான் வயித்தையெல்லாம் அறுத்ததில்ல நானா!"

நல்லவேளை, பழக்கதோஷத்துல பையில இடுக்கி வச்சிருந்தேன். இடுக்கியால புழுவைப் பிடிச்சு, ஊசியில கோத்து, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு... ஒரு புழு கோக்க எனக்கு வேர்த்து விறுவிறுத்துருச்சு. அதைப் பார்த்த கிராணி இடுக்கியை வாங்கி, மானேஜர் ஊசிக்கு அஞ்சாறு புழுவைப் பந்து மாதிரி சுத்தி வச்சார். மானேஜர் கையை நீட்டினார், நானே வச்சுக்கிறேன்னு. கிராணி விடல. மானேஜர் கையில அழுக்குப் படக்கூடாதாம். மரியாதை!

அந்த மரியாதைதான் எங்களுக்கு வினையாச்சு. அதனால மானேஜர் அப்ப அந்த ஊசியைக் கண்ணால பார்க்கல.

தூண்டிலைப் போட்டோம். கொஞ்ச நேரத்துல என் நூல் வெடுக்குன்னு இழுத்துச்சு. "வந்துருச்சு! வந்துருச்சு!"ன்னு கத்திக்கிட்டே இழுத்தேன். தண்ணிக்கு மேல மீன் தலை தெரிஞ்சுது. அடுத்த நொடி காணோம். ஊசி மட்டும் பளபளன்னு வந்துச்சு.

காதர் நானாவுக்கும் அப்படியே. கிராணிக்கும் அப்படியே. மீன் வருது, கடிக்குது, புழுவைத் தின்னுட்டு ஊசியை மரியாதையாத் திருப்பிக் குடுத்துட்டுப் போகுது.

"புழு சரியில்ல"ன்னார் கிராணி.

"புழு சரியில்லேன்னா ஏன்லா தின்னுட்டுப் போகுது?"ன்னார் காதர் நானா.

"நீங்க துரைகூடப் போனப்ப எப்படி அண்ணே பிடிச்சீங்க?"

கிராணி தண்ணியையே பார்த்துக்கிட்டு இருந்தார். "தம்பி, துரை மீன் பிடிச்சார். நான் காருக்குள்ள இருந்தேன்."

"காருக்குள்ளயா!"

"கடிதம் வந்தா கையெழுத்து வாங்கணும்னு கூட்டிக்கிட்டுப் போனார். மீனைத் திரும்பி வரப்பத்தான் பார்த்தேன்."

இவரை நம்பி நான் பொண்டாட்டிக்கு வாக்குக் குடுத்திருக்கேன்!

அந்த நேரம் மானேஜர் கம்பு வில்லா வளைஞ்சுது. பெரிய மீன். அவர் அவசரப்படல, விட்டு விட்டு இழுத்தார். தெரிஞ்ச ஆள்னு பார்த்ததுமே விளங்குச்சு. விரால்! என் முழங்கை நீளம் இருக்கும். கரைக்குக் கொண்டு வந்துட்டார், தண்ணியை விட்டு மேல தூக்கிட்டார். நான் மனசுக்குள்ள அதை ரசம் வச்சு சரசுவுக்கு ஊட்டியே முடிச்சுட்டேன். அது அந்தரத்துல ஒரு துள்ளு துள்ளுச்சு. வழுக்கிக்கிட்டு, தொபுக்கடீர்!

மானேஜர் முகத்துல இருந்த பிள்ளை போயிருச்சு. பழைய மானேஜர் வந்துட்டார்.

"சென்செய்."

இந்தத் தடவை தலை குனியல.

கிராணி ஓடிப்போய்ப் புதுப் புழுப்பந்து சுத்தினார். எனக்கு ஒரே ஆத்திரம். மீன் மேலயா, கிராணி மேலயா, என் மேலயான்னு தெரியல. அப்பன்னு பார்த்து என் நூல் இழுத்துச்சு. இந்தத் தடவை விடக்கூடாதுன்னு ரெண்டு கையாலயும் மூங்கிலைப் பிடிச்சு, பலம் கொண்ட மட்டும் பின்னால வீசி இழுத்தேன்.

மீன் வரல. ஊசி வந்துச்சு. தலைக்கு மேல விர்ருன்னு பறந்து போச்சு.

பின்னால "ஆ"ன்னு ஒரு சத்தம்.

திரும்பிப் பார்த்தேன். ஊசி மானேஜர் காது மடல்ல குத்தி நிக்குது. கம்மல் போட்ட மாதிரி. அதுல பாதி மண்புழு தொங்கி நெளியுது.

காதர் நானா வாய்க்குள்ள ஓத ஆரம்பிச்சுட்டார். கிராணி எந்தத் திசைன்னு இல்லாம குனிஞ்சு குனிஞ்சு கும்பிட்டார். எனக்கு சயாம் கண்ணு முன்னாடி தெரிஞ்சுது. சயாம் எப்படி இருக்கும்னே தெரியாது, இருந்தாலும் தெரிஞ்சுது.

ஆனா பாருங்க, ரத்தத்தைப் பார்த்ததும் என் கை தன்னால வேலை செய்ய ஆரம்பிச்சுருச்சு. கிட்டப் போனேன். அவர் தாடையைப் பிடிச்சு ஒரு பக்கமாத் திருப்பினேன். ஜப்பான் மானேஜர் தாடையை! "அசையாதீங்க"ன்னு தமிழ்லயே அதட்டினேன். அவரும் அசையல. இடுக்கியால பிடிச்சு, ஊசி வளைஞ்ச வாக்குலயே திருப்பி இழுத்தேன். வழுக்கிக்கிட்டு வந்துருச்சு. காயம்னு சொல்லிக்க ஒரு பொட்டுதான். சுத்தமான துணியை வச்சு அழுத்திப் பிடிச்சேன்.

மானேஜர் கையை நீட்டினார். ஊசியைக் குடுத்தேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முனையில விரலை வச்சுத் தடவினார். உள்பக்கம் தடவினார். எதையோ தேடுறார், கிடைக்கல. துரையோட கம்பை எடுத்து அந்த ஊசியையும் பார்த்தார். புழுவைப் பிச்சு எறிஞ்சுட்டுத் தடவினார். அதுலயும் இல்ல.

"சென்செய்?"ன்னார். குரல் ரொம்ப மெதுவா வந்துச்சு.

கிராணி மண்டி போட்டார். வாரம் பூரா தொண்டையில நின்ன வார்த்தை அப்பத்தான் வெளிய வந்துச்சு. நெஞ்சுல அடிச்சுக்கிட்டே கத்தினார். "சென்செய் நாய்! சென்செய் நாய்! சென்செய் நாய்!"

காதர் நானா என் காதுல, "ஏன் தம்பி, தன்னையே நாய்ங்கிறாரு?"ன்னார்.

பளார்! கிராணிக்கு ஒண்ணு.

பளார்! எனக்கு ஒண்ணு. இத்தனை நாள் அந்த அறைக்கு வைத்தியம் பார்த்தேனே தவிர, அது எப்படி இருக்கும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. இனிமே வரவங்ககிட்ட "ஒண்ணுமில்ல, சரியாப் போயிரும்"னு சொல்லக் கூடாதுன்னு அந்த நிமிஷமே முடிவு பண்ணினேன்.

அடுத்தது காதர் நானா. அவர் தொப்பியைக் கழட்டி மடியில வச்சார். கண்ணை இறுக்கி மூடிக்கிட்டார். "எடுத்துக்குங்க"ங்கிற மாதிரி கன்னத்தை முன்னால நீட்டினார்.

அறை வரல. கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார்.

மானேஜர் சிரிச்சுக்கிட்டு இருந்தார். முதல்ல மூக்கால. அப்புறம் வாயால. அப்புறம் கரையிலயே உக்காந்து, காதைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர வரச் சிரிச்சார். ஒரு குச்சியை எடுத்து ஈர மண்ணுல ஒரு கொக்கி வரைஞ்சார். முனைக்குப் பக்கத்துல உள்பக்கமா ஒரு சின்ன முள்ளு போட்டார். அதைத் தட்டித் தட்டிக் காட்டினார்.

கிராணியும் நானும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கிட்டோம். துரு ஏறிப் பிளந்த இரும்பு!

அந்த முள்ளு இருந்தாத்தான் மீன் மாட்டும், கழண்டு போகாது. அது இல்லாததாலதான் அத்தனை மீனும் போச்சு. அது இல்லாததாலதான் மானேஜர் காதும் தப்பிச்சுது. முள்ளு இருந்திருந்தா காதைக் கிழிச்சுத்தான் எடுத்திருக்கணும். அப்புறம் எங்களை எதால கிழிச்சிருப்பாரோ!

பக்கத்துல இன்னொரு சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. நாணல் புதருக்குள்ள இடுப்பளவு தண்ணியில ஒரு மலாய்க்கார அம்மா, ஐம்பது வயசு இருக்கும், மூங்கில் கூடையோட நின்னுக்கிட்டு இருந்தாங்க. காலையிலேருந்து அங்கதான் இருந்திருக்காங்க. முழு நாடகத்தையும் பார்த்திருக்காங்க. கூடையை அள்ளிக்கிட்டுக் கரையேறி வந்தாங்க. எட்டிப் பார்த்தோம். உள்ள அஞ்சாறு விரால் நெளியுது!

தூண்டில் இல்ல, திட்டம் இல்ல, டைப் அடிச்ச தாள் இல்ல. வெறும் கூடை!

நான் கெஞ்சினேன். சம்சாரம், பிள்ளை, பன்னிரண்டு நாள்னு எனக்குத் தெரிஞ்ச மலாய்ல சொன்னேன். அவங்க கண்ணு மானேஜர் கையில இருந்த ஊசி மேலயே இருந்துச்சு.

"ஜாரும்!"ன்னாங்க. ஊசி!

அப்ப ஊசிக்கும் பஞ்சம். துணி கிடைக்காம ஜனங்க கோணிச் சாக்கைக் கட்டிக்கிட்டுத் திரிஞ்ச நேரம். அந்தச் சாக்கைத் தைக்கவும் ஊசி கிடையாது. வளைஞ்ச ஊசின்னா சாக்குக்கு இன்னும் சௌகரியம்னு அவங்களே கையால தைச்சுக் காட்டினாங்க. அது ஆஸ்பத்திரிச் சாமான். நான் மானேஜரைப் பார்த்தேன். மானேஜர் ஊசியைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். "போலே"ன்னார். அவருக்குத் தெரிஞ்ச பத்து மலாய் வார்த்தையில அதுவும் ஒண்ணு. ஆகட்டும்னு அர்த்தம்.

ரெண்டு ஊசிக்கு ரெண்டு விரால்னு பேச்சு முடிஞ்சுது. மூணாவது ஊசி மூங்கில்லயே இருந்துச்சு, அதை நான் விடல. காயத்துக்கு வேணுமே. அந்த அம்மா போகப் போனவங்க, கிராணி கன்னத்துல பதிஞ்சிருந்த அஞ்சு விரலைப் பார்த்தாங்க. "கசியான்"னு உச்சுக் கொட்டி, பாவப்பட்டு இன்னொரு விராலை எடுத்து அவர் கையில வச்சாங்க.

எண்ணுறதுக்கு அரை மணி நேரம் தேவைப்படல. மூணு. பெரியதை மானேஜர் எடுத்துக்கிட்டு லாரியில ஏறினார். மிச்சம் ரெண்டு. காதர் நானா தலையைக் கேக்கவே இல்ல. கிராணிதான் சொன்னார். "பெரிசா இருக்கிறதை நீ கொண்டு போ தம்பி. பிள்ளை பெத்தவளுக்கு. எங்க ரெண்டு பேருக்கும் இது போதும்." ஒரு கன்னம் வீங்கிப் பேச்சே கோணலாத்தான் வந்துச்சு. அவரோட சண்டை போடணும்னு நினைச்சிருந்தேன், போடல.

திரும்பி வர வழியில அந்த விரால் பையிலேருந்து குதிச்சு லாலாங் புல்லுக்குள்ள ஓடுச்சு. ஆமா, ஓடுச்சு! விரால் தரையிலயும் போகும்னு எனக்கு யாரும் சொல்லல. குப்புற விழுந்து வயித்தால அமுக்கித்தான் பிடிச்சேன். அன்னைக்கு நானே பிடிச்ச மீன்னு சொன்னா அதைத்தான் சொல்லணும். ரெண்டு முழங்கையும் தேய்ஞ்சு போச்சு.

அஞ்சலை அக்கா மீனைத் தூக்கிப் பார்த்தாங்க. என் கன்னத்தைப் பார்த்தாங்க. நேரா போய் அடுப்பைப் பத்த வச்சாங்க. சாயங்காலம் சரசு ஒரு சொட்டு விடாம சாறைக் குடிச்சா. நெத்தியில வேர்வை அரும்புச்சு. முகத்துல லேசா ரத்தம் ஓடுச்சு.

"எப்படிங்க பிடிச்சீங்க?"ன்னு கேட்டா.

பன்னிரண்டு நாள் கழிச்சு அப்பத்தான் அவ சிரிச்சு நான் பார்க்கிறேன். அதுல போய் அறை வாங்கின கதையை எடுத்து விட மனசு வரல. பொய்யும் சொல்ல வேணாம்னு பார்த்தேன்.

"ஊசி போட்டேன்"னேன்.

திங்கக்கிழமை மத்தியானம் கிராணி ஆஸ்பத்திரிக்கு வந்தார். கதவைச் சாத்திட்டுச் சொன்னார். லிஸ்ட்ல எங்க ரெண்டு பேர் பெயரும் இருந்துச்சாம். மானேஜர் பென்சிலை வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாராம். காதைத் தொட்டுப் பார்த்துட்டு ரெண்டையும் அடிச்சுட்டாராம்.

எங்களுக்குப் பதிலா குருண் பக்கத்து எஸ்டேட்லேருந்து ஒரு டிரஸ்ஸரும் ஒரு கிராணியும் போனாங்க. அந்த டிரஸ்ஸரை எனக்குத் தெரியும். ஒரு தடவை எனக்கு அயோடின் கடன் குடுத்திருக்கார். அவர் திரும்பி வரல. அதுல நான் சிரிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல.

சரசுவுக்கு ரெண்டு நாள்ல பால் ஊற ஆரம்பிச்சுது. பிள்ளை அழறதை நிறுத்துச்சு. மூணாம் நாள் காலையில ஆஸ்பத்திரிக்குப் போனா வாசல்ல பெரிய வரிசை. காய்ச்சல்காரங்க, புண்ணுக்காரங்க, எல்லாரும் என்னையே முறைச்சுப் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. யாரும் வணக்கம்கூடச் சொல்லல. எனக்கு ஒண்ணும் விளங்கல.

அஞ்சலை அக்கா இடுப்புல கையை வச்சுக்கிட்டு முன்னால வந்தாங்க.

"நல்லா இருக்கு டிரஸ்ஸரய்யா! நாங்க வந்து கேட்டா மருந்து இல்லங்கிறீங்க, மீனுக்கு மட்டும் போய் ஊசி போட்டுட்டு வந்திருக்கீங்க!"